மேப்பிள் மரத்தின் அடிமண்

ஏப்ரல் 14

பிரஷருக்குக் குளிசை எழுதித் தருகிற டொக்டர் இன்றைக்குப் புதிதாக ஒரு மருந்து சொன்னார். "அம்மா, கோவம் வரேக்க அதை ஆரிலயும் கொட்டாமல் ஒரு கொப்பியில எழுதுங்கோ. உங்களுக்கும் நல்லம், மற்றவைக்கும் நல்லம்." காலையில் போன என்னை மத்தியானம் வரைக்கும் கதிரையில் இருத்திவைத்துவிட்டு இந்தப் புத்தியைச் சொன்னார். ஆகவே முதல் கோபம் அவர் மேல்தான். எழுதியாயிற்று.

இரண்டாவது கோபம் பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசம் மேல். மனுசன் பனிக்காலம் முழுவதும், ஐஸ் உருகட்டுமென்று, தன் டிரைவ்வேயில் உப்பை அள்ளி அள்ளிக் கொட்டினார். ஒருமுறை சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஆனையிறவு உப்பளத்தையே ஸ்காபரோவில் கொண்டுவந்து இறக்க வேண்டுமா? பனி உருக, அந்த உப்புத் தண்ணீர் எல்லாம் சரிவில் ஓடி எங்கள் முற்றத்து மேப்பிளின் அடிக்குத்தான் வருகிறது. தெருவில் மற்ற மேப்பிள்கள் சிவப்பாக மொட்டு விட்டுவிட்டன. எங்களுடையது விறகுத்தடி மாதிரி நிற்கிறது.

மூன்றாவது கோபம் இவர் மேல். போன புரட்டாதியில், குளித்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டவர், நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கதிரையிலேயே போய்விட்டார். அதைப் பற்றி எழுத இந்தக் கொப்பி காணாது.

ஏப்ரல் 19

டொக்டரின் மருந்து வேலை செய்யவில்லை.

காலையில் ஞானப்பிரகாசம் கராஜைத் திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். மிச்ச உப்பு மூட்டை வாசலிலேயே கிடந்தது.

"அண்ணை, உந்த உப்பு என்ர பக்கம் ஓடிவருது. மரம் சாகுது" என்றேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

"தங்கச்சி, உப்பு என்ர டிரைவ்வேயில போட்டனான். தண்ணி எந்தப் பக்கம் ஓடவேணுமெண்டு அதுக்கு நான் சொல்லிக்குடுக்கேலுமே?"

"தண்ணி போக ஒரு கான் வெட்டி விட்டிருக்கலாம்தானே?"

"ஐஸ் கட்டின நிலத்தில கானோ? உமக்கு விசர் பிடிச்சிட்டுது."

விசர் என்றதும் எனக்கு வந்ததே ஓர் ஆத்திரம். மூட்டையைத் தூக்கி அவருடைய காரின் முன்கண்ணாடியில் கவிழ்த்தேன். பாதி காரில் கொட்டியது, பாதி என் காலில் கொட்டியது. மனுசன் வாயைத் திறந்தபடி நின்றார். இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு கிறிஸ்மஸ் கேக் கொண்டுவந்து தருகிறவர். இனித் தரமாட்டார்.

முழங்கால் போகும்வரை மார்க்கம் ஊருக்கு வடக்கே மரக்கன்றுப் பண்ணையில் வேலை செய்தவள் நான். இந்த நகரத்தில் தெருவோரம் நிற்கிற மேப்பிள்களில் எத்தனையோ என் கையால் வேர் கட்டப்பட்டவை. என் வாசலில் ஒரு மேப்பிள் செத்து நின்றால் அது எனக்கு அவமானம் இல்லையா?

ஏப்ரல் 20

முழங்கால் நோகிறது. உப்பு மூட்டை நினைத்ததைவிடப் பாரம்.

ஏப்ரல் 27

ஆரபி வந்தாள். என் ஒரே மகள். மிசிசாகாவில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். வேலைக்குக் கிட்டவாம். என்னிடமிருந்து தூரமென்று சொன்னால் பொய்யாகாது.

காரால் இறங்கியவள் வாசலில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. நேரே மரத்திடம் போனாள். ஒரு கொப்பை நகத்தால் மெல்லக் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் பிறகுதான் "சுகமா இருக்கிறியளோ அம்மா?" என்றாள். இறால் பொரித்து வைத்திருந்தேன். "பசியில்லை" என்று சொல்லிவிட்டு மரத்துக்குப் பக்கத்தில் போய்ப் புல்லில் இருந்துகொண்டாள். ஈரப் புல். சளி பிடிக்கும் என்று கத்தினேன். கேட்கவில்லை.

இந்த மரம் அவள் நட்டது. அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், வீடு நிறையச் சனம் இருக்க, எங்கேயோ போய்க் கன்றை வாங்கி வந்து தனியாகக் குழி வெட்டினாள். மண்வெட்டி பிடித்தே அறியாத பிள்ளை. நான் வெளியே வந்தபோது "நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்று ஒரு முறைப்பு. உதவிக்குப் போன தமையன் முறைப் பெடியனையும் கிட்ட விடவில்லை. கிணறு மாதிரி ஆழமாக, ஒடுக்கமாக ஒரு குழி. என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: மேப்பிளுக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். வேர்ப்பந்து எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் ஆழம். அகலம் அதைப்போல மூன்று மடங்கு. களிமண்ணில் ஆழமாக வெட்டினால் அது குழியில்லை, வாளி. தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும்.

ஆனால் அந்த மரத்தைப் பார்க்கத்தான் அவள் வருகிறாள். கிழமைக்கு ஒருமுறை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதற்காகத்தான். மரம் செத்தால் அவள் வரமாட்டாள். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கொப்பிக்கு மட்டும் சொல்கிறேன்.

மே 11

இலை விட்டிருக்கிறது. சந்தோஷப்படுவதற்கு முன் கிட்டப் போய்ப் பார்த்தேன். இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

பண்ணையில் இதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு மேப்பிளுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். மண்ணில் சுண்ணாம்புக் குணம் ஏறிவிட்டால், சத்து எவ்வளவு இருந்தாலும் மரத்தால் எடுக்க முடியாது. பந்தியில் இருத்திவிட்டு வாயைக் கட்டிவிட்ட மாதிரி. ஆனால் உப்பால் இப்படி வராது. உப்பென்றால் இலையோரம் கருக வேண்டும்.

கருகும். பொறுத்திருந்து பார்ப்போம். ஞானப்பிரகாசத்தின் உப்புத்தான். வேறென்ன இருக்கப் போகிறது?

மே 12

முழங்காலில் நின்று வேலை செய்தேன். அடிமரத்தைச் சுற்றி ஆரபி கும்பமாக அணைத்து வைத்திருந்த மண்ணை வழித்து எடுத்தேன். வேர் விரிகிற இடம் வெளியே தெரிய வேண்டும், கழுத்தை மூடினால் மரம் மூச்சு முட்டும். அதைச் சுற்றி உக்கின இலைக்குப்பை ஒரு படை, அதன்மேல் பைன் பட்டை ஒரு படை, இரண்டும் தண்டில் முட்டாமல். உப்பைக் கழுவிவிடுவதற்காகக் குழாயை மெல்லத் திறந்து பின்னேரம் முழுக்க விட்டேன். தண்ணீர் இறங்க மாட்டேன் என்று நின்றது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் நல்ல மேல்மண்ணை வழித்து விற்றுவிட்டு, வெறும் களியின்மேல் புல்லைப் பாய் மாதிரி விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்களோ, அவர்கள் மேலும் கோபம்.

மே 23

பெரியத்தான் போன் எடுத்தார். இவருடைய மூத்த தமையன். போன் எடுத்தால் கதைப்பது அவர், கேட்பது நான்.

இவருடைய முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு இப்போதே ஐயரைப் பிடித்துவிட்டாராம். ஏரிக்கரையில் செய்வதாம். சயந்தன் மொன்றியலில் இருந்து வருவானாம். சயந்தன் அவருடைய மகன். எங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. அதனால் அவன்தான் கொள்ளி வைத்தான், அவன்தான் அஸ்தி கரைத்தான். கொள்ளி என்றால் இங்கே நெருப்பில்லை, சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். அதைத் தான்தான் அழுத்துவேன் என்று ஆரபி முன்னுக்குப் போனாள். பெரியத்தான் விடவில்லை. முறை அப்படி. நான் என்ன செய்ய?

"அண்டைக்கு அஸ்திப் பெட்டி பாரமில்லாமல் கிடந்தது, மங்களம். நான் அப்பவே சொன்னனான். இஞ்சத்தை ஆக்கள் சாம்பலிலயும் களவெடுப்பாங்கள்" என்றார்.

"சாம்பலைக் களவெடுத்து என்ன செய்யிறது, பல்லுத் தீட்டிறதோ?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். அந்தப் பெட்டியைப் போய் எடுத்து வந்தது ஆரபி. அது வீட்டில் இரண்டு கிழமை இருந்தது.

ஜூன் 4

இலையோரம் கருகிவிட்டது! நான் சொன்னேன்தானே. கையில் ஓர் இலையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஞானப்பிரகாசத்தின் கதவைத் தட்டினேன்.

"பாருங்கோ. இது உங்கட உப்பு."

இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, என்ர வேலியோரம் நிக்கிற ரோசாவும் அதே உப்பைத்தான் குடிச்சது. அது பூத்துக் கொட்டுதே?"

"ரோசா வேற, மேப்பிள் வேற."

"அப்ப தோண்டிப் பாரும். உப்பைக் காட்டினால் புது மரம் வாங்கித் தாறன். இல்லாட்டி என்ர வாசலுக்கு வராதையும்."

தோண்டுகிறேன். உப்பை அள்ளிக்கொண்டு போய் அவர் மேசையில் கொட்டுகிறேன்.

ஆரபி மெசேஜ் அனுப்பியிருந்தாள். "மரம் எப்பிடி?" அவ்வளவுதான். அம்மா எப்பிடி என்று ஒரு வார்த்தை கிடையாது. "நல்லா இருக்கு" என்று பொய் அனுப்பினேன்.

ஜூன் 9

தோண்டினேன்.

வேர்ப்பந்துக்குப் பக்கவாட்டில் தொடங்கினேன். கன்று வைக்கும்போது போட்ட மேல்மண் நல்ல மண். நான் போட்ட இலைக்குப்பை கறுத்து உக்கிக்கொண்டிருந்தது. மண்புழு நெளிந்தது. உப்புப் பூத்திருந்தால் மேலேதான் வெள்ளை தெரியும். தெரியவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. இன்னும் கீழே போனேன். புழு இல்லை, வேர் நுனிகள் மண்ணிறமாகக் கருகியிருந்தன. அதற்கும் கீழே மண்வெட்டி 'டங்' என்று எதிலோ பட்டது.

சாம்பல் நிறத்தில் ஒரு படை. சீமெந்து போல இறுகிக் கிடந்தது. வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன சீமெந்து என்றுதான் நினைத்தேன். அவர்களைத் திட்டிக்கொண்டே கையால் உடைத்தேன். மணல் மாதிரி உதிர்ந்தது. சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள். அதற்குள் ஒரு வட்டத் தகடு, ஒரு சதக் காசு அளவு, அதில் இலக்கம் வெட்டியிருந்தது.

அந்தத் தகடு என்னவென்று எனக்குத் தெரியும். தகனம் செய்த இடத்தில் வேலை செய்கிற பெண் விளக்கிச் சொன்னவள். ஆள் மாறிப் போகாமல் இருப்பதற்காக, உடம்போடு உள்ளே போய்ச் சாம்பலோடு வெளியே வருகிற தகடு.

கையைக் கழுவவா, விடவா என்று தெரியாமல் குழாயடியில் நின்றேன்.

ஜூன் 10

ஆரபிக்குப் போன் எடுத்து "உடனை வா" என்று மட்டும் சொன்னேன். வேலையில் இருந்து நேரே வந்தாள். பலகையால் மூடி வைத்திருந்த குழியைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்பாவை மண்ணுக்குள்ள வைச்சனியோ?" என்று கேட்டேன்.

"ஓம். வைச்சனான்."

"பாதியைத் தண்ணியில விட்டுட்டு, பாதியை..."

"தண்ணியில விட்டது அவையின்ர பாதி. இது என்ர பாதி."

"எனக்கு ஒரு சொல்லுச் சொன்னியோடி?"

"சொன்னால் விட்டிருப்பியளே?"

தகட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இந்த மரத்தைக் கொல்லுறது ஆர் தெரியுமே? ஞானப்பிரகாசம் இல்லை, நீ! அந்தச் சாம்பல் முழுக்கச் சுண்ணாம்பும் உப்பும். வேரை வேகவைச்சிட்டாய். இவ்வளவு படிச்சனி, இதொண்டும் தெரியாதே?"

"சாம்பல் நல்ல பசளை எண்டு நீங்கள்தானே சொல்லுவியள். ஊரில வாழைக்கும் முருங்கைக்கும் சாம்பல்தான் போடுறது எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறியள். அப்பா இந்த மரத்தை வளர்ப்பார் எண்டு நினைச்சன்."

"அது அடுப்புச் சாம்பல்! விறகுச் சாம்பல், ஒரு பிடி!"

"எனக்கு ஒரு சாம்பலையும் ஒருதரும் தொட விடேல்லையே அம்மா. வித்தியாசம் எப்பிடித் தெரியும்?"

"உன்னை விடாதது பெரியப்பா. கோவமெண்டால் அவரோட போய்ச் சண்டை பிடி. என்ர முற்றத்தில ஏன் செய்தனி?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பெரியப்பா வாயாலதான் சொன்னவர். என்ர கையைப் பிடிச்சு இழுத்தது நீங்கள்."

பிறகு பலகையை இழுத்துக் குழியை ஒழுங்காக மூடினாள். "இதைத் தோண்டி எறிஞ்சால் நான் இனி இந்த வாசல் மிதிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 11

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் ஏன் அவள் கையை இழுக்கிறேன்? பச்சைப் பொத்தான் இருந்த அந்த அறை முழுக்கக் குளிர். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. சூடு ஏற்றுவதற்காகப் பிடித்திருப்பேன். அவள் இரண்டு தரம் உதறினாள். பிள்ளை தடுமாறுகிறாள், விழுந்துவிடுவாள் என்று இறுக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 13

மரத்தின் உச்சிக் கொப்பிலிருந்து ஓர் இலை விழுந்துவிட்டது.

எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் அடி. மண்ணை அப்படியே விட்டால் ஆடி முடிவதற்குள் மரம் போய்விடும், மரம் போனால் அவள் வரமாட்டாள். தோண்டினால் மரம் தப்பக்கூடும், ஆனால் தோண்டினால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் மனுசா, உங்களுக்கு வேறு வேலை இல்லையா? உயிரோடு இருந்தபோது ஒரு பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. இப்போது வேருக்குக் கீழே படுத்துக்கொண்டு அதைக் கொல்கிறீர்கள்.

ஞானப்பிரகாசம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உப்பு கிடைச்சுதோ?" என்றார். "உங்கட சோலியைப் பாருங்கோ" என்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, உள்ளே போய்விட்டார்.

ஜூன் 15

அவள் போனை எடுக்கவில்லை. மெசேஜ் பெட்டியில் பேசினேன். பேசத் தெரியாதவள் நான், அதனால் மரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"இந்த மண்ணில இருந்தால் மரம் சாகும். தூக்கி, வேரைக் கழுவி, பெரிய சாடியில நல்ல மண்ணில வைச்சால் தப்பப் பாக்கும். வெயில் காலத்தில தூக்கிறது பிழைதான், ஆனால் வேற வழியில்லை. அப்பாவை நான் எறிய மாட்டன். அவரை நீ எடு. உன்ர கையால எடு. நீ வராமல் நான் தொடமாட்டன். சனிக்கிழமை வெள்ளனத் தோண்டினால் நல்லம், வெயில் ஏறமுதல்."

வைத்துவிட்டு யோசித்தேன், சாப்பிட்டியோ என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 17

வந்தாள். பழைய காற்சட்டையோடு, கையுறையோடு வந்தாள். "எங்க தொடங்கிறது?" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் வெட்டினாள். வேரைச் சுற்றி அகலமாக, சாய்வாக. இரண்டு பேராலும் தூக்க முடியவில்லை. கேட்காமலே ஞானப்பிரகாசம் அண்ணை ஒற்றைச் சில்லு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். மரத்தைச் சாய்த்து, சாக்கில் ஏற்றி, நிழலுக்குக் கொண்டுபோனோம். குழிக்குள் எட்டிப் பார்த்தவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஆரபி முழங்காலில் இருந்து அந்தப் படையைக் கையால் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவள் குப்பைப் பையை விரிக்கப் போனாள். "அதுக்குள்ள வேண்டாம்" என்று உள்ளே ஓடிப்போய், பொங்கலுக்கென்று வாங்கி இன்னும் ஸ்டிக்கர் உரிக்காத எவர்சில்வர் வாளியைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு துண்டு விடாமல் பொறுக்கினாள். தகட்டையும் அதற்குள் வைத்தாள்.

வேரைக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். கருகின நுனிகளை நறுக்கினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தில் வெள்ளையாக, உயிரோடு கொஞ்சம் இருந்தது. சாடிக்கு: அரித்த தோட்ட மண், இலைக்குப்பை, நொறுங்கின பைன் பட்டை. பசளை போடவில்லை. குற்றுயிராகக் கிடக்கிறவனுக்கு யாரும் விருந்து வைக்கிறதில்லை.

"தப்புமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். பொய் சொல்லிச் சமாதானப்படுத்த எனக்கு வரவில்லை. சோறு சாப்பிடாமல் போனாள். ஆனால் கறியைப் போத்தலில் போட்டுக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 2

எல்லா இலையும் கொட்டிவிட்டது.

ஜூலை 8

ஆரபி வந்தாள். மொட்டைத் தடியைப் பார்த்தாள். அழுதாள். "அழுதால் வேர் விடுமோ? மண்வெட்டியை எடு" என்றேன். கடினமாகத்தான் சொன்னேன். அவளுக்கும் கோபம் வந்தது, எடுத்தாள். கோபத்தில் இரண்டு பேரும் சேர்ந்து, மரம் தப்பினால் திரும்ப நடுவதற்கு, பழைய குழியைச் சுற்றி ஒரு கார் நிற்கிற அளவு அகலத்துக்குக் களியைக் கொத்திவிட்டோம். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல பாத்தி நான் வெட்டியதில்லை.

ஜூலை 15

பழைய குழியின் அடிமண்ணையும் எடுத்து அப்புறப்படுத்தினோம். குழியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். அன்று தேங்கி நின்ற தண்ணீர் இன்றைக்கு மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டது. களியோடு இலைக்குப்பையைக் கலந்தோம். மணல் போடுவோமா என்று கேட்டாள். களிக்குள் மணல் போட்டால் செங்கல் ஆகிவிடும் என்றேன். "உதெல்லாம் எனக்கு ஏன் முந்திச் சொல்லித் தரேல்லை?" என்றாள். "நீ எப்ப கேட்டனி?" என்றேன். கொஞ்ச நேரம் அதிலும் சண்டை போட்டோம்.

மிளகாய்க் கன்று நாலு கொண்டுபோய் ஞானப்பிரகாசம் அண்ணையிடம் கொடுத்தேன். "காருக்கு உப்பு, எனக்கு மிளகாயோ?" என்றார். மன்னிப்புக் கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9

அடித்தண்டில், சாடி மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, கடுகளவு சிவப்பாக ஏதோ தெரிகிறது. மொட்டு என்று சொல்லப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16

மொட்டுத்தான். படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் எடுத்தாள். வேலை நேரத்தில்! நாங்கள் அந்த ஒரு மொட்டைப் பற்றி நெடுநேரம் கதைத்தோம். பிறகு, கடைசியில், "நீங்கள் சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 24

அப்பாவைத் தன் கையால் தண்ணீரில் விட ஆரபி சம்மதித்த பிறகு, பெரியத்தானுக்கு நானே போன் எடுத்தேன். திவசத்தை ஆரபி செய்வாள், சயந்தன் மெனக்கெட்டு வரத் தேவையில்லை என்றேன். மிச்ச அஸ்தி கொஞ்சம் இருக்கிறது, அதையும் அவளே கரைப்பாள் என்றேன்.

"மிச்ச அஸ்தியோ? எங்கால வந்தது?"

"மரத்தடியால."

அதற்குப் பிறகு கதைத்தது முழுக்க அவர்தான். பொம்பிளைப் பிள்ளை கரைச்சால் தம்பி கரையேற மாட்டான் என்றார். சனத்தின் முகத்தில் எப்படி முழிக்கிறது என்றார். நீ அன்றைக்கு எங்களோடு ஒத்துத்தானே நின்றாய் என்றார். அதோடு போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13

ஆட்டைத் திவசம். இதை எழுதும்போது தொண்டை கட்டிக் குரல் வரவில்லை. நல்லவேளை, எழுதக் குரல் தேவையில்லை.

ஏரிக்கரைக்கு நாங்கள் போனபோது பெரியத்தான் முதலே வந்து நின்றார். சொல்லச் சொல்லச் சயந்தனையும் கூட்டி வந்திருந்தார். வேட்டி கட்டி, விரலில் தர்ப்பை மாட்டி, பெடியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஐயர் அவனைப் பார்த்தார், ஆரபியைப் பார்த்தார், கடைசியில் தன் செம்பைப் பார்த்தார். சொந்தக்காரர் எல்லோரும் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஞானப்பிரகாசம் அண்ணையும் வந்திருந்தார், தள்ளி நின்றார்.

"சித்தி, எனக்கு அண்டைக்கும் இதில விருப்பமில்லை" என்று சயந்தன் மெல்லச் சொன்னான். தர்ப்பையைக் கழற்றி ஆரபியிடம் நீட்டினான். அவள் அதை மாட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். தண்ணீருக்கு இறங்கப் போனாள்.

பெரியத்தான் அவளுடைய கையைப் பிடித்தார். மணிக்கட்டில், இறுக்கி. அவள் உதறினாள். அவர் விடவில்லை. வாளி சரிந்து தண்ணீர்க்கரையில் ஒரு பிடி கொட்டியது. அவள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

என்னிடம் இருந்த கோபம் எல்லாம், சித்திரையிலிருந்து யார் யார் மேலோ கொட்டிக்கொண்டு திரிந்த கோபம் எல்லாம், அந்த இடத்தில் ஒன்றாக வந்தது. "கையை எடுங்கோ!" என்று கத்தினேன். ஒரு வருசமாகக் கத்துகிறவள்தான் நான், ஆனால் அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. கரையில் நின்ற பறவைகள் எழும்பிவிட்டன. பெரியத்தான் கையை எடுத்துவிட்டார். நான் நிற்பாட்டவில்லை. அந்த அறையைப் பற்றியும், பச்சைப் பொத்தானைப் பற்றியும், அன்றைக்கு அவளைப் பிடித்த கை யாருடையது என்பதைப் பற்றியும் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. ஆரபிக்கும் கேட்டது.

அவள் குனிந்து, சிந்தியதை ஈர மணலோடு சேர்த்து அள்ளி வாளிக்குள் போட்டாள். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் நடந்தாள். குளிர் தண்ணீர். சளி பிடிக்கும் என்று சொல்ல வாய் வந்தது, குரல் வரவில்லை. ஐயர் கரையில் நின்று மந்திரத்தைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரபி கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொண்டுவந்தாள். சீனி போட மறந்துவிட்டாள். முகத்தைச் சுளித்தேன். "தொண்டைக்கு அதுதான் நல்லம், குடியுங்கோ. இனிக் கொஞ்ச நாளைக்குக் கத்தக் கூடாது" என்றாள். முழுவதையும் குடித்துவிட்டேன்.

ஈர உடுப்பை மாற்றிவிட்டுத் தன் பழைய அறையில் படுத்திருக்கிறாள். போகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.